கோடு இல்லாத கைப்பிடி

அன்று காலை பகலவன் எனக்கு டீ வாங்கி வந்தான். சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லி வாங்கியிருந்தான். என் தம்பிக்கு அந்த அக்கறை எப்போதும் உண்டு. அவனைத் தவிர எனக்கு வேறு ஆளும் இல்லை. அந்த டீயை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா.

வேதாரண்யத்தில் எங்கள் கத்திப் பட்டறை உங்களுக்குத் தெரியும். இரும்பு அவன் பொறுப்பு, பிடி என் பொறுப்பு. தேங்காய் வெட்டும் கத்தி ஒன்றை எனக்கென்று வைத்திருக்கிறேன். அதன் பிடி புள்ளிமான் கொம்பு. கோடியக்கரைக் காட்டில் மான் உதிர்த்துப் போட்டது. எடுப்பதே குற்றமாம், அந்தக் கேஸையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கொம்பை நான் வழவழப்பாகத் தேய்ப்பதில்லை. மரப்பட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக, சொரசொரப்பாக, மான் விட்டபடியே விட்டுவிடுவேன். ஈரக்கையிலும் வழுக்காது. பதினோரு வருடம் பிடித்ததில் என் கட்டைவிரலுக்கென்று ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. உலகத்தில் அப்படி ஒன்றுதான் உண்டு.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டீயைக் கொடுத்த கையோடு பகலவன் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்தான். உள்ளே புதுக் கத்திகள். எல்லாவற்றிலும் என் பிடி. நான் முத்துப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது என் கத்தியிலிருந்து அச்செடுத்து, எங்கேயோ கொடுத்து பிளாஸ்டிக்கில் வார்த்திருக்கிறான். என் விரல் பள்ளம்கூட விடவில்லை. முதல் முந்நூறு குத்தாலம் பக்கம் போய்விட்டதாம். இது அடுத்த பெட்டி.

"ஒங் கைய ஊரு பூரா குடுத்துட்டேண்ணே. சந்தோசப்படுவியா, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கிற" என்று சிரித்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என் கத்தியை உறையிலிருந்து உருவக்கூட இல்லை. உறைப் பக்கம் பிடித்துக்கொண்டு, பிடியால்தான் அவன் நெற்றிப்பொட்டில் அடித்தேன். முதல் அடியிலேயே உட்கார்ந்துவிட்டான். இன்னும் இரண்டு அடித்தேன். கொம்பின் அடிமுடிச்சு நல்ல கனம், அதற்கு மேல் தேவைப்படவில்லை. டீயை ஆறுவதற்குள் குடித்துவிட்டேன்.

மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொண்டீர்கள். எங்கள் சரக்கை ஊர் ஊராகக் கொண்டுபோகும் வீரையன் முதல் நாள்தான் பஸ் ஸ்டாண்டில் தம்பியோடு சண்டை போட்டிருந்தான். அவன் பையில் அந்த முந்நூறில் ஒன்று இருந்தது. பொட்டில் பதிந்திருந்த தடமும் அந்தப் பிடியும் ஒத்துப்போயின. அவனைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அழுதேன், அது பொய்யழுகை இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு இதே கத்தியால்தான் வாழையிலை அறுத்தேன்.

நேற்றுவரை சொல்லும் எண்ணமே எனக்கு இல்லை. நேற்று நீங்கள் பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினீர்கள். பிளாஸ்டிக் கைப்பிடியால் ஏற்பட்ட காயம் என்று இருந்தது. அம்மா, வார்த்த பிடியில் அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு ஓடும். போட்டோவை மறுபடி பாருங்கள். என் தம்பியின் பொட்டில் கோடு கிடையாது. அது அசல் கொம்பு.

வீரையன் பாவம், அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவனை விடுகிறபோது ரிப்போர்ட்டையும் திருத்தச் சொல்லுங்கள். முடிந்தால் அதை முதலில்.

கத்தியை இத்துடன் வைத்திருக்கிறேன். கழுவித் துடைத்தாயிற்று. ஒரு மேடுகூடத் தேயவில்லை. கட்டைவிரல் இன்னும் அதே பள்ளத்தில்தான் போய் உட்காருகிறது.