புறாத்தீவில் ஆமையைப் பார்த்தவர்

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது தவறு. இந்த வயதிலும் அதைத் தெரிந்தே செய்தேன். தம்புள்ளையில் நான் ஏறிய கண்டி பஸ்ஸில், முன் சீட்டில் ஓர் இளம் முஸ்லிம் தம்பதி இருந்தார்கள். திருகோணமலைப் பக்கம் புறாத்தீவுக் கடலில் ஆமை பார்க்கப் போய்த் திரும்புகிறவர்கள்.

"ஆமைய நான் பார்த்ததாவே இருக்கட்டும்," என்றான் கணவன்.

"நீங்கதான் போட்டை விட்டே எறங்கலையே," என்றாள் மனைவி. "கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கிட்டு கைடோட தண்ணிக்குள்ள போனது நான்."

"வீட்டுல அதைச் சொன்னா என் மானம் போயிரும். ஆமை என்ன நெறம்?"

"பச்சையும் மண்ணிறமும். பவளப்பாறைக்குப் பின்னால இருந்து வந்து என் மூஞ்சியப் பார்த்துச்சு."

நாலந்தா தாண்டியதும் அவன் மாத்தளையில் இருக்கும் தாயாருக்கு போன் எடுத்தான்.

"உம்மா, ஆமை என் மூஞ்சிகிட்டயே வந்துச்சு. இவதான் பயந்துபோய் போட்டுலயே இருந்துட்டா."

தாயார் மருமகளைக் கேட்டிருப்பார் போலும், போன் அவள் கைக்கு வந்தது.

"ஆமா மாமி, நான் போட்டுலதான் இருந்தேன்," என்றாள் மிகப் பணிவாக. "போட்டு கரைக்குத் திரும்புற வரைக்கும் உங்க மகன் படுத்துக்கிட்டே வாந்தி எடுத்தாரு. வாளி பிடிக்க ஒரு ஆள் வேணுமே."