வெயில் நேரா அடிக்கிற ரோடு

லைட்ட அணைக்காதீங்கடா... சரி, அணைச்சுத் தொலைங்க. ஆனா நடுவுல எவனும் சிரிக்கக் கூடாது. இது நம்ம கூட்டாளி ஒட்டடையோட அத்தானுக்கு, அதான் அவன் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அவன் இன்னிக்கு வரல. அதனாலதான் வாயத் திறக்கிறேன்.

சாயங்காலம் ஆறு மணி. ராத்திரி இல்ல, நல்லா கேட்டுக்கோங்க. ஒரு பக்கம் கிடங்குச் சுவர், ஒரு பக்கம் காலி நிலம், நடுவுல மேற்கப் பாத்து ஒரே நேரா ஒரு ரோடு. சூரியன் அப்படியே மூஞ்சில அறையும். ஈ காக்கா கிடையாது.

தானா ஓடுற கார் செய்யிற கம்பெனில அத்தானுக்கு வேலை. டிரைவர் சீட்ல உக்காரணும், ஸ்டியரிங்கத் தொடக் கூடாது. கார் தப்புப் பண்ணினா மட்டும் புடிக்கணும். "சும்மா உக்காரச் சம்பளமா அத்தான்?"னு ஒட்டடை கூட கிண்டல் பண்ணுவான்.

தினமும் காரை ஓட்டிப் பாக்குறது அந்த ரோட்டுலதான். சுவர்ல இரும்புக் கதவு வர்ற இடத்துல, கார் தினமும் கிறீச்சுனு நிக்கும். முன்னாடி யாருமே இல்ல. டயர் கருகுற வாடை... அதோட ஈர மண்ணு வாடை. மழையே பெய்யாத மாசம்டா.

கார்ல கேமராவும் உண்டு, ரேடாரும் உண்டு. ரேடாருக்கு வெளிச்சமே வேணாம், அலைய அனுப்பித் தடவிப் பாக்கும். கேமரா, ஒண்ணுமில்லங்குது. ரேடார், ஆள் நிக்குதுங்குது. ஸ்கிரீன்ல ஒரு புள்ளி... நின்ன எடத்துலயே... அசையாம.

அத்தான் மேனேஜர்கிட்ட சொன்னாரு. "மனுஷன் ரெண்டு கண்ண வெச்சுத்தானே ஓட்டுறான்? இதுக்கு எட்டு கேமரா இருக்கு. இன்னும் என்னய்யா, மூக்கும் வைக்கணுமா?"ன்னு ரேடாரையே கழட்டச் சொல்லிட்டான். செலவும் மிச்சமாம்.

அத்தான் விடல. "சார், கண்ணு கூசினா மனுஷன் வேகத்தக் குறைப்பான். இது குறைக்காதே. அந்த வெயில்ல நெசமாவே ஒருத்தன் குறுக்க வந்தா?"

"வரட்டும், பாப்போம்"னானாம்.

ரேடார் போனதுக்கப்புறம் கார் அங்க நிக்கவே இல்ல. வழுக்கிட்டுப் போகுது. ஆபீஸ்ல எல்லாரும் கை தட்டுறாங்க. அத்தான் மட்டும் தட்டல. அடுத்து இந்தக் கார ஊருக்குள்ள விடப் போறாங்க. அவரு பொண்ணு டியூஷன் முடிஞ்சு நடந்து வர்ற ரோடும் மேற்கப் பாத்ததுதான்.

நானே நின்னு காட்டுறேன்னு ஒரு சாயங்காலம் அந்த இரும்புக் கதவுகிட்ட இறங்கிட்டாரு. சீட்ல, கூட வேலை பாக்குற பொண்ணு. சோடாபுட்டின்னு கூப்பிடுவாங்க.

"கார் அது போக்குல வரட்டும்மா. ஸ்கிரீன்ல நான் தெரியலன்னா பிரேக்க அமுக்கிடு. அந்த ஒரு வீடியோ போதும், அவன் வாய அடைக்க."

"வேணாம்ணா..."

"அட, நீ இருக்கியே."

இப்ப கேளுங்க. அந்தக் கம்பெனில, ஸ்கிரீன்ல ஆள் இல்லாம பிரேக்ல கால் வெச்சா மேனேஜர் எல்லார் முன்னாடியும் கிழிப்பான். "பேயப் பாத்தியாம்மா?"ன்னு. மாசக்கணக்கா அடங்கிப் பழகின கால் அது. ஸ்கிரீன் காலி. கண்ணெல்லாம் வெயில். கால் ஒரு நொடி யோசிச்சுது...

அவ்வளவுதான்.

சத்தம்கூட பெருசா இல்லையாம். ஈரத் துணியத் தரையில போட்ட மாதிரி... சொத்துனு. அவரு ஏன் விலகலன்னு கேக்காதீங்க. அப்ப யாருக்கும் தெரியல.

கம்பெனி ஆளுங்க அக்கா வீட்டுக்கு வந்தாங்க. துக்கம் விசாரிக்கன்னு நினைச்சீங்களா? வீடியோவக் காட்ட. "பாருங்கம்மா, இதுல ஆளே இல்ல. கார் மேல தப்பு சொல்ல முடியாது."

அக்கா பாத்தாங்க. வெள்ளை வெளேர்னு வெயில். காலி ரோடு. ரோட்டுல நிழல் மட்டும் நீளமா, கார் பக்கமா விழுந்து கெடக்கு.

"அப்ப இது யாரு?"

"நிழலுக்கெல்லாம் நிக்காதேன்னுதாம்மா காருக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம்."

அந்தக் கார்தான் இப்ப ஊருக்குள்ள ஓடுது. ஆமாடா, அதேதான்.

அக்கா சண்டை போட்டு அந்த வீடியோவ வாங்கி வெச்சிருக்காங்க. ஒட்டடை எனக்குக் காட்டினான். அத்தானோட நிழல் ஓரத்துக்குத் துள்ளப் பாக்குது... பாக்குது... முடியல.

பக்கத்துல இன்னொரு நிழல். அத விட நீளமா. அது அவரு கைய விடவே இல்ல.