பிரிண்டலா டெண்டர் சோதனையும் லொவெலின் தாடையும்

என் பெயர் டேரில் ஹாஸ்கின். தந்தை பெயர் கென்னத். வயது நாற்பத்தாறு. டார்லிங் ஆற்றங்கரையில் பிரிண்டலா ஊரில் வாட்டில் தெருவில் குடியிருக்கிறேன். அதே ஊர் ஆம்புலன்ஸ் நிலையத்தில் முதலுதவியாளராக வேலை பார்க்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. லொவெலை அடித்தது நான்தான். அதில் இதை எழுதிக்கொள்ளும் போலீஸ் சார்ஜெண்டுக்குச் சந்தேகமே வேண்டாம்.

அவசர அழைப்பு வந்தால் எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்பதை எங்களுக்கு ஒரு கம்பெனியின் கணினிதான் சொல்கிறது. போன கோடையில் கோலின் ட்ரெட்வெல் தன் பண்ணையில் டிராக்டருக்கு அடியில் சிக்கியபோது, அது எங்களை அதே பெயருள்ள வேறொரு ரோட்டுக்கு அனுப்பிவிட்டது. நாங்கள் திரும்பி வந்து சேர்ந்தபோது கோலின் இறந்திருந்தார். அவர் மனைவி ஜீன் தனியாக டிராக்டரைத் தூக்கப் பார்த்து இரண்டு உள்ளங்கையும் கிழிந்து உட்கார்ந்திருந்தார்.

அதன் பின்பு அந்தக் கம்பெனியின் ஒப்பந்தம் முடியும் சமயத்தில் மாநில அரசு டெண்டர் முறையை மாற்றியது. முன்பெல்லாம் தலைநகரில் யார் தடியாகக் காகிதம் நீட்டினார்களோ அவர்களுக்கே வேலை. இனிமேல் கணினியை எங்கள் நிலையத்துக்கே கொண்டுவந்து ஒரு நாள் ஓட்டிக் காட்ட வேண்டும், அந்தக் கணினியோடு தினமும் மாரடிக்கும் நாங்களே மதிப்பெண் போட வேண்டும் என்று விதி வந்தது. முதல் சோதனை எங்கள் ஊரில். இது ஒழுங்காக நடந்தால்தான் மற்ற ஊர்களுக்கும் என்றார்கள். கண்காணிக்க யூனிஸ் பாப்பாஸ் என்ற அதிகாரி வந்தார். மதிப்பெண் போடுகிறவர்கள் டெண்டர்காரர்களோடு கொஞ்சவும் கூடாது, மோதவும் கூடாது, எதைப் பார்த்தாலும் தன்னிடம் சொல்ல வேண்டும், மீறினால் சோதனையே செல்லாது என்று அவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். எனக்கு நன்றாகவே புரிந்தது.

செவ்வாய்க்கிழமை பழைய கம்பெனியின் முறை. மறுநாள் இன்னொரு சிறிய கம்பெனி வருவதாக இருந்தது. பழைய கம்பெனிக்காக ஷேன் லொவெல் என்பவர் வந்தார். சோதனைக்காக நாங்கள் பொய் அழைப்புகளைக் கொடுத்தோம். போன் சிக்னலே எடுக்காத பண்ணைகளைக்கூட எந்த கேட் வழியாகப் போக வேண்டும் என்பது உட்பட அவர்கள் கணினி சரியாகச் சொன்னது. எனக்கே பரவாயில்லையே என்று இருந்தது.

அதன் பின்பு மத்தியானம் சிகரெட் பிடிக்கக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். அங்கே கம்பெனியின் வேன் நின்றது. உள்ளிருந்து எங்கள் பொய் அழைப்பு கேட்டது. கதவை இழுத்துத் திறந்தேன். நெவில் கார்மடி காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார். எங்கள் நிலையத்தில் இருபது வருடம் அழைப்பு எடுத்தவர். இந்தக் கணினி வந்தபோதுதான் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கணினி சொன்ன பதில் எல்லாம் அவர் சொன்னது.

"நெவிலண்ணே, நீங்களா?" என்றேன்.

"கதவ மூடுடா டேரில். என்னய யாரு வேலைக்குக் கூப்பிட்டா? இவனுங்கதான கூப்பிட்டானுங்க" என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குள் லொவெல் ஓடி வந்து வேன் கதவை ஓங்கி அடைத்தார். என் வலது கை உள்ளே இருந்தது. இரண்டு விரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கையை உருவிக்கொண்டு, "இத வெச்சுத்தான் அடுத்த கோலின காப்பாத்தப் போறீங்களா?" என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு கிழவன் நசுங்கிச் செத்தான், அதுக்கு இன்னும் எத்தன நாளுய்யா ஒப்பாரி? ஆம்புலன்ஸ் வேணுமா, எங்க மிஷின்கிட்டச் சொல்லட்டுமா?" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இடது கையால் சட்டையைப் பிடித்து, வேனின் முன்னால் கங்காரு தடுக்கப் போட்டிருக்கும் இரும்புக் கம்பியில் அவர் முகத்தை மோதினேன். பல் உதிர்ந்தது. அவர் முழங்காலால் என் வயிற்றில் இடித்தார். மறுபடி மோதினேன். தாடை கழன்று இறங்கியது கைக்குத் தெரிந்தது. நெவில் என் இடுப்பைக் கட்டிப்பிடித்து, "செத்துருவான்டா, விடுடா" என்று அழுதார். அவரையும் உதறித் தள்ளினேன். மூன்றாவது முறை மோதியதற்கு எந்தக் காரணமும் இல்லை. அப்போது அவர் எதிர்க்கவே இல்லை.

அதன் பின்பு அவர் தொண்டையில் ரத்தம் களகளவென்று கேட்டது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, முறிந்த விரல்களோடு தாடையைத் தூக்கிப் பிடித்து மூச்சு விடவைத்தேன். இரக்கத்தால் என்று நினைக்க வேண்டாம். பழக்கம். பொய் அழைப்புக்குப் போன வண்டி திரும்பி வரும்வரை அப்படியே பிடித்திருந்தேன்.

யூனிஸ் வந்து வேனைப் பார்த்தார், நெவிலைப் பார்த்தார், கீழே கிடந்தவரைப் பார்த்தார். "கதவ மூடிட்டு வந்து என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவங்கள அப்பவே டெண்டர விட்டு வெளிய அனுப்பியிருப்பேனே டேரில்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வியாழக்கிழமை உத்தரவு வந்தது. மதிப்பெண் போடுகிறவரே டெண்டர்காரரைத் தாக்கியதால் சோதனை செல்லாது. புதிய முறை நிறுத்திவைக்கப்படுகிறது. வேன் விஷயம் தனியே விசாரிக்கப்படும். அதுவரை வண்டிகளுக்கு வழி சொல்லும் கணினியில்லாமல் ஊர் இருக்க முடியாது என்பதால் பழைய கம்பெனியின் ஒப்பந்தமே நீட்டிக்கப்படுகிறது.

இன்று காலை ஜீன் ட்ரெட்வெல் என் வீட்டு வாசலுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

"கோலின் பேரச் சொல்லி அடிச்சியாமே. மார்கன் பண்ணையில அந்தப் பொண்ணுக்கு இது நெறமாசம். வலி எடுத்துச்சுன்னா வண்டி எந்த ரோட்டுக்குப் போகும்? அந்தப் பொண்ணுகிட்ட நீ போயிச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

அவர் போன பிறகு நானே இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். இதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. அனைத்தும் உண்மை என ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) டேரில் ஹாஸ்கின்