யாருக்குத் தனி உரிமை?

நம் திருமணத் தகவல் நிலையத்தின் இணையதள ஓராண்டு விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் உரிமையாளர் நடனசபாபதி அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மேன்மைக்குரியோரே, கடலூர்க் கிளையிலிருந்து கடும் வெயிலில் சிதம்பரம் வரை வந்த பெரியோரே, பிள்ளைகளின் ஜாதகத்தை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் ராஜமாணிக்கத்தின் வணக்கம்.

பாராட்டிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். பாராட்ட ஒன்றுமில்லை. ஆகவே, பேச மட்டும் செய்கிறேன்.

பத்தொன்பது ஆண்டுகளாக இந்த அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதுகிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சத்தைப் பழைய தினசரிகளில் படித்தேன். ஆனால் கேட்கத் தெரியும் எனக்கு. கேட்டதைக் காக்கத் தெரியும். எத்தனை பேர் என் மேசைக்கு முன்னால் குரலைத் தாழ்த்தியிருப்பார்கள்? அத்தனையும் இரும்புப் பீரோவுக்குள் போனது. சாவி என் இடுப்பில் இருந்தது.

சென்ற ஆண்டு அந்தக் கோப்புகள் கணினிக்குள் போயின. மேலாளர் வினோத்குமார், என் தங்கை மகன்தான், வந்து கேட்டார்:

"மாமா, சைட்டுக்குத் தனியுரிமைக் கொள்கைன்னு ஒண்ணு போடணுமாம். நீங்கதான் நல்லா எழுதுவீங்க, எழுதிக் குடுங்க."

மூன்று நாள் யோசித்து மூன்று வரி எழுதினேன். 'நீங்கள் சொன்னது உங்களுடையது. உங்களைக் கேட்காமல் எவருக்கும் காட்ட மாட்டோம். வேண்டாம் என்று நீங்கள் சொன்ன அன்றே எடுத்துவிடுவோம்.'

தளம் வந்தது. தலைப்பு இருந்தது, என் வரிகள் இல்லை. 'தரப்படும் தகவல் யாவும் நிறுவனத்தின் தனி உரிமை' என்றிருந்தது. என்ன இது என்றேன்.

"தனியுரிமைன்னா என்னா மாமா? நமக்குத் தனி உரிமைன்னுதான அர்த்தம்? நீங்க எழுதுன மாதிரி போட்டா யாவாரம் ஓடுமா?"

சிரிக்கிறீர்கள். சிரித்துவிட்டு மேலே கேளுங்கள்.

ஒரு பெண். முதல் திருமணம் முறிந்தவள். வேலை பார்க்கும் இடத்தில் எவருக்கும் தெரியாது. என்னிடம் மட்டும் சொன்னாள். "இந்த மேசையத் தாண்டாதும்மா" என்றேன். தாண்டியது. படமும் கைப்பேசி எண்ணும் முறிந்த காரணமும் பார்ப்பவர் கண்ணுக்கெல்லாம் விரிந்து கிடந்தன. யாரோ அச்செடுத்து அவள் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். முன்பின் தெரியாத ஆண்கள் போன் போட்டுக் குறை என்னவென்று விசாரித்தார்கள். போன மாதம் வந்து நின்றாள். அழவில்லை.

"ஒங்ககிட்டதான ஐயா சொன்னன். ஊருக்கா சொன்னன்?"

கோப்பை எடுத்துக் கொடுத்தது இந்தக் கை.

அவள் பக்கத்தை எடுக்கச் சொல்லி நான்கு முறை கேட்டேன். "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க மாமா, கொள்கைப்படி அது நம்மளுது" என்கிறார் மருமகன். எது கொள்கை? நம்பிச் சொன்னதை நடுத்தெருவில் வைப்பது கொள்கையா? நாலு சுவருக்குள் சொன்னதை நாடே பார்க்கத் திறப்பது கொள்கையா? ஒரு பெண்ணின் துயரத்துக்கு நம் பெயரில் பட்டா வாங்குவது கொள்கையா?

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார், நேரமாகிவிட்டதாம். அவளுக்கும் நேரமாகிறது ஐயா. இன்று காலையும் அந்தப் பக்கம் திறந்துதான் கிடந்தது.

பின்வரிசையில் யார், என்ன கேட்கிறீர்கள்? "யாரு பெரியவரே அந்தப் பொண்ணு, தேவனாம்பட்டினமா?" அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் அதற்குள் திருத்துகிறார்: "அட நீ வேற, அண்ணாமலை நகரா இருக்கும்."

கேட்டீர்களா தாய்மார்களே? பேர் சொல்லாதபோதே இங்கே இப்படியென்றால், பொத்தானை அழுத்தினால் தெரியும் இடத்தில் என்ன நடக்கும்? இவ்வளவு சொல்லலாம் என்று அவளே சொல்லி அனுப்பினாள். இதற்கு மேல் ஊரைச் சொல்ல மாட்டேன். பேரைச் சொல்ல மாட்டேன். நீங்களே சரியாகச் சொன்னாலும் தலையசைக்க மாட்டேன்.

எழுதிக்கொள் மருமகனே, இதுதான் தனியுரிமைக் கொள்கை.

தலைவர் அவர்களே, எனக்கென்று வாங்கிய பொன்னாடையை மடித்து வையுங்கள். அந்தப் பக்கத்தை எடுத்த அன்று வந்து வாங்கிக்கொள்கிறேன். அதுவரை இந்த நிலையத்துக்கு ஒரு விண்ணப்பமும் என் கையால் எழுதப்படாது.

கேட்ட காதுகளுக்கு நன்றி. கேட்டதைக் காக்கும் வாய்களுக்கு என் வணக்கம்.