ஒன்பது டேக் வாங்கிய ஒரு வசனம்

இந்த மேடையில எல்லாரும் பிள்ளைகளை எப்படி வளர்க்கணும்னு அழகாப் பேசினாங்க. நான் பாத்திரக் கடைக்காரன், அறிவுரை வராது. எங்க வீட்டுல நடந்ததை ஒரு குட்டிக் கதையாச் சொல்றேன், கேளுங்க...

என் அக்கா ராஜாமணியோட மகன் செழியன், சொந்தமா ஒரு சினிமா எடுத்தான். பெரிய கம்பெனி கிடையாது, பெரிய நடிகர் கிடையாது. தெரிஞ்ச ஆளுகளை வச்சு ஒரு சிரிப்புப் படம். யாரை யாருக்குக் கட்டுறதுன்னு ஒரு குடும்பமே குழம்புற கதை.

எங்க குடும்பத்துல அந்தக் குழப்பமே இல்லை பாருங்க. செழியனுக்கும் என் மக சுபாஷினிக்கும் ஆவணியில கல்யாணம். நானும் அக்காவும் பேசி மண்டபமும் பிடிச்சாச்சு. பிள்ளைககிட்டக் கேட்டோமா? முறைப்பையன், முறைப்பொண்ணு... இதுல கேக்க என்ன இருக்கு?

ஷூட்டிங் என் கடையிலதான். எதிர்த்த மிக்ஸி ரிப்பேர்க் கடை ரூபனுக்கு அண்ணன் வேஷம், சுபாஷினிக்குத் தங்கச்சி வேஷம். அவளுக்கு ஒரே வசனம்: "அண்ணா, சாப்பிட வா."

அவ்வளவுதான். வரலை.

முதல் தடவை "சாப்பிட வாங்க"ன்னா. அண்ணனைக் காணோம். அடுத்த தடவை இருமல். அப்புறம் சிரிப்பு. ஒன்பது டேக்... செழியன் தலையில கை வச்சு உக்காந்துட்டான். பிள்ளைக்கு நடிக்கத் தெரியலைன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் முப்பது வருஷமாக் கடையில நிக்கிறவன். வர்றவங்க அண்டா என்ன விலை, குத்துவிளக்கு என்ன விலைன்னு எல்லாத்தையும் கேப்பாங்க. மனசுக்குப் பிடிச்ச பொருளைத் தொடக்கூட மாட்டாங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு. ரூபனை அண்ணான்னு கூப்பிட அவளுக்கு மனசு வரலை.

ரூபன் நல்ல உழைப்பாளி, அதுல சந்தேகமில்லை. ஆனா அக்கா? இந்தக் கல்யாணம் நின்னா என் வாசப்படி மிதிப்பாளா? கூடப் பிறந்தவ எனக்கு அவ ஒருத்திதாங்க.

செழியனைக் கடைக்குப் பின்பக்கம் கூட்டிட்டுப் போய், மென்னு முழுங்கிச் சொன்னேன். கவுத்து வச்ச அண்டா மேல பொத்துன்னு உக்காந்தான். அழப்போறான்னு நினைச்சேன்... பெருமூச்சு விடுறான்.

"மாமா, வாயால சொல்லப் பயந்துதான் படமா எழுதினேன். அவளும் நானும் ஒரே வீட்டுல வளர்ந்தவங்க. அந்த வசனத்தை என்னைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க, ஒரே டேக்ல ஓகே ஆயிரும்."

அப்படியே செஞ்சான். ரூபனைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு அந்த இடத்துல இவன் நின்னான். தண்ணி மாதிரி வந்துச்சு: "அண்ணா, சாப்பிட வா."

முறைப்பையனை ஒருத்தி அண்ணான்னு கூப்பிட்டா என்ன அர்த்தம்? அதோட முறை முடிஞ்சது. அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக் கேரியரோட வாசல்ல யாரு... அக்கா.

அக்கா கேரியரைக் கீழ வச்சா. மகனைப் பார்த்தா. என் மகளைப் பார்த்தா. அவ கண்ணு போன பக்கம் ரூபனையும் பார்த்தா.

"தம்பி, மண்டபத்தை விட்டுறாத. மாப்பிள்ளையை மட்டும் மாத்து."

அப்பத்தாங்க எனக்கு மூச்சு வந்துச்சு.

இதை எதுக்குச் சொல்றேன்? நான் கெட்டிக்கார அப்பன்னு காட்டவா? இல்லைங்க. நான் கேக்கவே இல்லை. ஒரு கேமரா வந்து கேட்டுச்சு, தப்பிச்சேன். எல்லார் வீட்டுக்கும் கேமரா வருமா? வராது... நீங்கதான் கேக்கணும். பிடிக்காத பதில் வந்தாலும் கேளுங்க. பிடிக்காத பதிலை நாம நாலு நாள்ல தாங்கிக்குவோம். கேக்காம விட்ட கேள்விக்கு, பிள்ளைக ஆயுசு பூரா பதில் சொல்லிட்டுக் கிடக்கும்.