சுற்றுலாவுக்குக் கறுப்புச் சட்டை

அக்கா: தாழ்ப்பாள் போட்டியா?

தங்கை: போட்டாச்சு.

அக்கா: இன்னொரு தடவை பாரு.

தங்கை: இந்த உடுப்பு மாத்துற அறைக்கு ஒரே தாழ்ப்பாள்தான் அக்கா. பத்துத் தடவை பார்த்தாலும் அது ரெண்டாகப் போறதில்ல. கோட்டைக் குடு, நானும் ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துடலாம்... இது என்ன?

அக்கா: மெதுவாப் பேசு. பக்கத்து அறையில ஆள் இருக்கு.

தங்கை: இது என்னன்னு கேட்டேன்.

அக்கா: லைனிங்.

தங்கை: லைனிங்குன்னு தெரியுது. உள்துணி ஏன் இப்படித் தொங்குது? உள்ள வரும்போது நல்லாத்தானே இருந்தது. ஒரு சாண் நீளத்துக்குப் பிரிஞ்சு கிடக்குது.

அக்கா: ஒரு சாண் இல்ல. எட்டு விரல்.

தங்கை: அளவெடுக்கிற நேரமா இது? நீ பிரிச்சியா? அக்கா, நான் அந்தப் பக்கம் திரும்பித் தலை சீவிக்கிட்டிருந்த நேரத்துல, இவ்வளவு பெரிய கடையில, விக்கிறதுக்கு மாட்டி வச்சிருக்கிற கோட்டை நீ பிரிச்சியா?

அக்கா: தோள்பட்டை உள்ளே எப்படி உக்காந்திருக்குன்னு பார்க்கணும்போல இருந்தது.

தங்கை: எட்டு வருஷமா இந்த ஊருக்குச் சுற்றுலா பஸ்ல வர்றோம். கடை கடையா ஏறி இறங்குறோம். எடுத்துப் போட்டுப் பார்க்கிறோம், கண்ணால வாங்கிக்கிறோம், ஊருக்குப் போய் அதே மாதிரி வெட்டித் தைக்கிறோம். என்னைக்காவது ஒரு நூலைத் தொட்டிருக்கோமா? தொடக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானே.

அக்கா: சொன்னேன். இப்ப கை போயிடுச்சு. என்ன பண்ணச் சொல்ற?

தங்கை: கத்திரி எங்கேருந்து வந்தது?

அக்கா: பையில இருந்தது.

தங்கை: ஊர் சுத்தப் போறவ பையில குடை இருக்கும், தண்ணி இருக்கும். உன் பையில நூல் வெட்டுற கத்திரி இருக்கு. வாசல்ல நிக்கிறானே காவலாளி, அவன் பையைத் திறக்கச் சொல்லியிருந்தா?

அக்கா: சொல்லல இல்ல?

தங்கை: உள்ளே வரும்போது சொல்லல. வெளியில போகும்போது? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தியைப் பின்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போனாங்களே, ஞாபகம் இருக்கா? ஒரு பொத்தானைப் பிச்சிட்டான்னு. அழக்கூட முடியாம வெறிச்சுப் பார்த்துக்கிட்டே போனா.

அக்கா: அதை ஏன் இப்ப ஞாபகப்படுத்துற? என்னைப் பயமுறுத்தாத.

தங்கை: எனக்கு மட்டும் குளுகுளுன்னு இருக்கா? மணி என்ன?

அக்கா: பத்து இருபத்தஞ்சு.

தங்கை: சரி. ஊசி இருக்கா?

அக்கா: காலருக்குப் பின்னால குத்தியிருக்கேன்.

தங்கை: எடு. நூல்?

அக்கா: ஊசியில கோத்திருக்கிறது வெள்ளை.

தங்கை: கறுப்பு லைனிங்ல வெள்ளை நூல் போட்டா, இங்கதான் பிரிச்சோம்னு கோடு போட்டுக் காட்டுற மாதிரி. இரு... என் சட்டையோட கீழ் மடிப்புலேருந்து உருவுறேன். நல்ல வேளை, ரெண்டு பேரும் கறுப்புல வந்தோம்.

அக்கா: கறுப்பு, கறுப்புன்னு ஒத்தக் கால்ல நின்னது நீதான். மத்த வருஷமெல்லாம் பூப்போட்ட சட்டையிலதானே வந்தோம். ஒரு ஈ காக்கா நம்மளைத் திரும்பிப் பார்த்ததில்ல. இன்னிக்குப் பஸ்ல பார்த்தியா? முப்பத்தாறு பேரும் மஞ்சளும் ஆரஞ்சுமா உக்காந்திருக்காங்க. நடுவுல நாம ரெண்டு பேரும் துக்கத்துக்குப் போற மாதிரி.

தங்கை: பெரிய ஊருக்குப் போறவங்க அடக்கமான நிறத்துல போகணும், பளபளப்புக் கூடாது, பழகின செருப்புப் போடணும், அப்பதான் வெளியூர்க்காரங்கன்னு தெரியாதுன்னு நான்தான் படிச்சுச் சொன்னேனே.

அக்கா: மூணு வாரமா அதைத்தானே சொல்ற. சாப்பிடும்போது கறுப்பு. தூங்கப் போகும்போது கறுப்பு.

தங்கை: வெளிச்சத்தை மறைக்காம நில்லு. நீ தைக்கிறியா?

அக்கா: நானா? என் கை இப்ப முடியாதுங்குது.

தங்கை: முப்பது வருஷமா முடியாதுன்னு சொல்லாத கை.

அக்கா: இன்னிக்குச் சொல்லுது. நீயே தை... இல்ல, தைக்கவும் வேண்டாம். ஒண்ணு சொல்றேன், கேளு. வெளியில போவோம். தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லிடுவோம். என்ன செய்வாங்க? திட்டுவாங்க, இனிமே இந்தப் பக்கம் வராதீங்கன்னு துரத்துவாங்க. நேராப் போய் பஸ்ல உக்காந்துக்குவோம்.

தங்கை: கத்திரி வச்சுப் பிரிச்சதைத் தெரியாம நடந்ததுன்னு யாரு நம்புவா? பேரு, ஊரு, முகம் எல்லாத்தையும் எழுதி வச்சுக்குவாங்க. இந்தக் கடையில நம்ம முகத்தை யாரும் அப்படி ஞாபகம் வச்சுக்கக் கூடாது.

அக்கா: ஏன்? இந்தக் கடைக்கு நீ என்ன மருமகளாவா வரப் போற?

தங்கை: விளையாடாத. பல்லால கடிச்சு இந்த முடிச்சைப் பிடி... வேண்டாம், விடு. நானே பார்த்துக்கிறேன். மணி?

அக்கா: முப்பது. எதுக்குச் சும்மா சும்மா மணி கேக்குற? பஸ்ஸு பன்னிரண்டரைக்குத்தான்.

தங்கை: கேட்கக் கூடாதா?

கடைப்பெண்: உள்ளே இருக்கிறவங்க... கோட்டு சரியா இருக்குங்களா?

தங்கை: இருக்குங்க. பார்த்துக்கிட்டிருக்கோம்.

கடைப்பெண்: அந்த அளவுல அது ஒண்ணுதான் இருக்கு. இங்க ஒரு அம்மா அதுக்காகவே காத்திட்டிருக்காங்க. வேண்டாம்னா குடுத்திடறீங்களா?

தங்கை: ரெண்டே நிமிஷம்.

கடைப்பெண்: சரிங்க.

அக்கா: போயிட்டாளா?

தங்கை: கதவுக்குக் கீழே பாரு. செருப்பு தெரியுதா?

அக்கா: தெரியுது. நிக்கிறா... நகர மாட்டேங்கிறா. ஏன்டி நகர மாட்டேங்கிறா?

தங்கை: அது அவ வேலை. நீ எதாவது பேசு. ரெண்டு பேர் உடுப்பு மாத்துற இடத்துல சத்தமே இல்லைன்னா சந்தேகம் வரும்.

அக்கா: என்ன பேசறது?

தங்கை: எதையாவது.

அக்கா: கை... கை கொஞ்சம் நீளமா இருக்கு இல்ல?

தங்கை: ஆமா.

அக்கா: இடுப்புல கொஞ்சம் பிடிக்குது.

தங்கை: குறைச்சுச் சாப்பிடு.

அக்கா: நீ கிண்டல் பண்றது போதும், மெதுவாத் தை. அவசரப்பட்டா இழுத்துக்கும். மெதுவா... இன்னும் மெதுவா.

தங்கை: எதுக்கு மெதுவா? அங்க ஒருத்தி காவல் நிக்கிறா, நீ என்னவோ பூவேலை செய்யச் சொல்ற மாதிரி சொல்ற.

அக்கா: தையல் தெரிஞ்சுட்டா?

தங்கை: தெரியாது. பழைய ஓட்டையிலேயே ஊசியை விடறேன். துணிக்கே தெரியாது. என்ன பார்க்கிற?

அக்கா: ஒண்ணுமில்ல. இப்படித் தைக்க நான் உனக்குச் சொல்லிக் குடுக்கல.

தங்கை: நீ தூங்கின அப்புறம் பழைய துணியில போட்டுப் பார்ப்பேன். சும்மா.

அக்கா: எத்தனை நாளா?

தங்கை: செருப்பு இருக்கா பாரு.

அக்கா: ஒரு ஜோடி ரெண்டாயிடுச்சு.

தங்கை: என்னது?

அக்கா: இன்னொரு செருப்பு வந்திருக்கு. பெரிய கால். ஆம்பளைக் கால்... காவலாளிதான். நாம மாட்டிக்கிட்டோம். உன்னை எங்கயாவது கொண்டுபோய் உக்கார வச்சு... அய்யோ, நான் பிரிச்சதுக்கு உன்னை...

தங்கை: உஷ்.

அக்கா: நான்தான் பண்ணேன்னு சொல்லிடுவேன். நீ வாயே திறக்காத. நீ என் தங்கச்சியே இல்லைன்னு சொல்லிடு, பஸ்ல பழக்கம்னு சொல்லு.

தங்கை: ஒரே மூக்கை வச்சுக்கிட்டுப் பஸ்ல பழக்கமா? கையை விடு, ஊசி குத்தும். இன்னும் ரெண்டு விரல்தான் பாக்கி.

கடைப்பெண்: அம்மா, மன்னிச்சுக்குங்க. கொஞ்சம் சீக்கிரம்.

தங்கை: இதோ, பொத்தான் போட்டுக்கிட்டிருக்கேன்.

அக்கா: பெரிய செருப்பு போகுது... போயிடுச்சு. அந்த அம்மாவோட வீட்டுக்காரர்போல. எட்டிப் போனதும் ஆளே தெரியுறார், காவலாளி உடுப்பு இல்ல.

தங்கை: குனிஞ்சது போதும், எழுந்திரு. நூலை வெட்டு. கத்திரியை... வேண்டாம், பல்லாலயே கடிச்சிடறேன். முடிஞ்சது. எங்கன்னு கண்டுபிடி பார்ப்போம். தடவிப் பாரு.

அக்கா: தெரியல.

தங்கை: கத்திரியைப் பையோட அடியில போடு. முகத்தைத் துடை. நாம சுற்றுலாக்காரங்க. கோட்டு பிடிக்கல, அவ்வளவுதான். மணி?

அக்கா: அம்பது.

தங்கை: திறக்கிறேன்.

கடைப்பெண்: பொருந்தலீங்களா?

தங்கை: கை கொஞ்சம் நீளம்.

கடைப்பெண்: குடுங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க, வாங்கி வைக்கும்போது உள்பக்கம் பார்த்துத்தான் மாட்டணும்... காலர் சரி, பொத்தான் சரி... லைனிங்...

அக்கா: பிள்ளைங்க மாதிரி பார்த்துக்கறீங்க துணியை.

கடைப்பெண்: பார்க்கலைன்னா மேல இருக்கிறவங்க எங்களைப் பார்த்துடுவாங்க. இது என்ன இங்க?

தங்கை: எங்கங்க?

கடைப்பெண்: ஒரு நூல் ஒட்டிக்கிட்டிருக்கு. உங்க சட்டையிலேருந்து விழுந்திருக்கும். கீழ் மடிப்பு பிரிஞ்சு தொங்குது பாருங்க, தைச்சுக்குங்க... கோட்டு நல்லா இருக்கு. நன்றிங்க. ஆமா, ஒண்ணு கேக்கணும். நீங்க தேர்வுக்கு வந்தவங்களா?

அக்கா: என்ன தேர்வு?

கடைப்பெண்: எங்க தையல்கூடத்துக்கு ஆள் எடுக்கிறாங்க. மேல்மாடியில, பதினோரு மணிக்கு. பதினாலாம் எண் மட்டும் இன்னும் வரல, கீழே எங்கயாவது நிக்கிறாங்களான்னு பார்க்கச் சொன்னாங்க. தேர்வுக்கு வர்றவங்க முழுக்கக் கறுப்புலதான் வரணும்னு கடிதத்துல போட்டிருப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் கறுப்புல இருக்கவும் கேட்டேன்.

தங்கை: இல்லீங்க. நாங்க ஊர் சுத்திப் பார்க்க வந்தவங்க.

கடைப்பெண்: கறுப்புலயா? சுற்றுலா வர்றவங்க இங்க கிளிக்கூட்டம் மாதிரி வருவாங்களே.

தங்கை: அடக்கமான நிறம்தான் நல்லதுன்னு எங்கயோ படிச்சேன்.

கடைப்பெண்: அப்படியா? சரிங்க. பதினொண்ணு ஆனதும் மேல கதவைச் சாத்திடுவாங்க, பாவம், யாரோ. இந்த அம்மாவுக்குக் கோட்டைக் குடுத்துட்டு வந்துடறேன்.

தங்கை: வா அக்கா. அவ வர்றதுக்குள்ள போயிடலாம்.

அக்கா: எங்கே?

தங்கை: பஸ்ஸுக்குத்தான்.

அக்கா: ஏன் இல்லைன்னு சொன்ன?

தங்கை: எதை?

அக்கா: பதினாலை. அந்தப் பதினாலாம் எண் போட்ட கடிதத்தைத் தபால்காரர் என் கையிலதான் குடுத்தார். கொதிக்கிற தண்ணி ஆவியில காட்டிப் பிரிச்சேன், படிச்சேன், திரும்ப ஒட்டி உன் மெஷின் மேல வச்சேன். மூணு வாரம் ஆச்சு. இன்னிக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ என்னடான்னா, பெரிய ஊருக்கு என்ன உடுத்தணும்னு எனக்குப் பாடம் எடுத்த.

தங்கை: தனியாக் கறுப்புப் போட்டா நீ கேப்பன்னுதான் உன்னையும் போட வச்சேன். கடையில உன்னை ஒரு அரைமணி நேரம் விட்டுட்டு மேல போயிட்டு வந்துடலாம்னு... கிடைச்சாச் சொல்லலாம். கிடைக்கலைன்னா, உனக்குத் தெரியவே வேண்டாம்னு நெனச்சேன். பயம் அக்கா. உன் முகத்தைப் பார்த்துச் சொல்றதுக்குப் பயம்.

அக்கா: இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு.

தங்கை: நான் போகல. இந்தப் பதற்றத்தோட மேல போய் என்னத்தைத் தைக்க? நீ பிரிச்சதை மூடுறதுக்குள்ளயே பாதி உயிர் போயிடுச்சு. அப்படி என்னதான் பார்த்த அந்தத் தோள்பட்டையில?

அக்கா: ஒண்ணும் பார்க்கல. அது எப்படி உக்காரும்னு வெளியிலேருந்தே எனக்குத் தெரியும். கையும் களவுமாப் பிடிச்சு நம்மளைத் துரத்திடுவாங்க, நீ என்கூடவே பஸ் ஏறிடுவன்னுதான் பிரிச்சேன். வீட்டுல ஒத்த மெஷின் சத்தத்துல எப்படி உக்காந்திருக்கிறதுன்னு மூணு வாரமாத் தூக்கமில்லடி... நீ தைச்சதைத் தடவிப் பார்த்தேன் பாரு, அப்ப வேற பயம் வந்துடுச்சு, இந்தக் கையை வீட்டுலயே முடக்கிடுவேனோன்னு. மாடிப்படி இடது பக்கம். ஓடு.