உள்பக்கத்து ரேகை

மணி பதினொன்றரை. தொழிற்பேட்டையின் பின்சாலையில் ஒரே ஒரு விளக்குதான் எரிந்தது. அதையும் தாண்டிக் கடைசிப் பட்டறை. உள்ளே என் நண்பனின் சித்தப்பா... தனியாக.

அக்ரிலிக் தகடுகளை ஒட்டிப் பெட்டி செய்வது அவர் வேலை. செருப்புக் கடையில் ஒற்றைச் செருப்பை மேலே நிறுத்தி வைப்பார்களே, கண்ணாடி மாதிரி, ஆறு பக்கமும் மூடிய பெட்டி. அதற்குப் பசை கிடையாது. தண்ணீர் போல ஒரு திரவம். ஊசியால் விளிம்பில் விட்டால் இடுக்கில் தானாக ஓடும். இரண்டு தகடும் உருகி ஒன்றாகிவிடும். அந்த ஈரத்தில் விரல் பட்டால் தீர்ந்தது. ரேகை தகட்டிலேயே பதிந்துவிடும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

ஒருவர் பிடிக்க, ஒருவர் ஊசி ஓட்ட வேண்டிய வேலை. அன்று உதவியாள் லீவு. சித்தப்பா ஏற்கெனவே இரண்டு பெட்டிகளைக் கெடுத்திருந்தார். முதலாளி கிளம்பும்போது கதவோரத்து விரல் மெஷினைத் தட்டிக் காட்டினார். வருகைப் பதிவும் அதில்தான், கதவு திறப்பதும் அதில்தான்.

“மூணாவதுலயும் கைரேகை இருந்துச்சுன்னா, நாளைக்கு நீ இதுல விரல் வைக்க வேணாம்.”

மின்விசிறி போட முடியாது, திரவம் காய்ந்துவிடும். மூக்கு நுனியில் வியர்வை தொங்கியது. தலையைப் பிளக்கும் இனிப்பு வாடை...

“அதை மோந்துக்கிட்டே இருந்தா பேய் என்ன, பேயோட மாமியாரே தெரியும்டா!”

குறுக்கே பேசிச் சிரிக்காதே. நண்பன் சொன்னபோது நானும் இப்படித்தான் சிரித்தேன்.

ஐந்து பக்கம் முடிந்தது. ஆறாவது வழுக்கியது. நிமிர்த்தினார். வழுக்கியது. மறுபடியும்... ஊசியை மேசையில் அடித்தார்.

“சே! புடிக்க ஒரு கை இல்லையே இங்க!”

தகடு நின்றது.

இரண்டு கைகளையும் எடுத்துப் பார்த்தார். அப்படியே நின்றது. யோசிக்கவில்லை அவர், எரிச்சல் அப்படி. ஊசியைச் சுற்றி ஓட்டினார். ஒரு குமிழி இல்லை. பெட்டியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

மூலையில் ஒரு கட்டைவிரல் ரேகை.

துணியால் தேய்த்தார். விரலுக்கு வழவழப்புதான் தட்டுப்பட்டது. ரேகை உள்பக்கம் இருந்தது. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு... அவருடைய கட்டைவிரலில் இருப்பதைப் போலவே.

கையை விரித்துப் பார்த்தார். கட்டைவிரல் மொழுமொழுவென்று இருந்தது. தழும்பில்லை. ஒரு கோடுகூட இல்லை.

கதவுக்கு ஓடினார். விரலை வைத்தார். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. எச்சில் தொட்டு வைத்தார். சிவப்பு.

“திறந்து தொலையேன்!”

பின்னால், மேசைமேல் வைத்த பெட்டியில்... டக்.

இனிப்பு வாடை அவர் தோளை உரசிக்கொண்டு போனது. மெஷின் பச்சையாக மினுங்கியது. “நன்றி” என்றது. கதவு திறந்து, தானே மூடிக்கொண்டது. சித்தப்பா விடியும்வரை சுவரோடு சுவராக நின்றார்.

காலையில் முதலாளி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ரேகை இல்லை. “பாத்தியா, மனசு வச்சா வருதுல்ல?” என்று முதுகில் தட்டினார். சித்தப்பா அன்று போனவர்தான். அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பத்து நாள் கழித்து முதலாளி போன் செய்தாராம். ஒரே கத்தல்.

“தினமும் ஒம்போதுக்கு டாண்ணு உன் பேர்ல வருகை விழுது. ஆளைத்தான் காணோம். உள்ள எங்கய்யா ஒளிஞ்சிருக்க?”